பல்லைப் பிடித்துப் பார்த்தவள்

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிந்து கொடுக்கிற நூலகம் அது. நான்கு அறை, ஒரு நீள நடை, நடைக் கோடியில் ஒலிப்பதிவு அறை. அதன் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் நாற்காலியைக்கூட நகர்த்தக் கூடாது. பதிந்ததைக் கேட்டுத் திருத்தும் வேலையில் அங்கே பதினேழு வருஷமாக இருக்கிறாள் ஒருத்தி. பிறவியிலேயே பார்வை கிடையாது. பள்ளிச் சான்றிதழில் நல்ல நீளமான பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. ஆனால் வாசல் காவலர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் 'அடிக்குறிப்பு'தான்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. புத்தகம் வாசிக்க வருகிறவர்கள் எல்லாரும் சம்பளமில்லாமல் வருகிற நல்லவர்கள். நல்லவர்களுக்கும் சோம்பல் உண்டு. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் குறிப்பைப் பார்த்ததும், 'இதை யார் கேட்கப் போகிறார்கள்' என்று மெல்லத் தாண்டிவிடுவார்கள். தாண்டுகிறவர் தாண்டுவதற்கு முன் ஒரு மூச்சு கூடுதலாக விடுவார். அந்த மூச்சை அவள் பிடித்துவிடுவாள். "பக்கம் இருநூத்திப் பதினாலுல கீழ ஏதாவது இருக்கா, கொஞ்சம் பாருங்க" என்பாள். பார்த்தால் இருக்கும். அந்தப் பக்கம் மறுபடி பதிவாகும். ஒலிப்பதிவு செய்யும் மைக் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு ஒரு நாள் "வாம்மா அடிக்குறிப்பு" என்றார். அது ஒட்டிக்கொண்டது.

அவள் கொண்டுவந்த இன்னொரு சட்டமும் உண்டு. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நூலின் பெயர், பாகம், அத்தியாயம், பக்க எண், வாசிப்பவர் பெயர் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். ஒரே நாளில் மூன்று பதிவு என்றால் மூன்று தடவை. "என்னம்மா, நேத்து சொன்ன பேரு இன்னைக்கு மாறிடுமா?" என்று வாசிப்பவர்கள் கேலி செய்வார்கள். அவள் சிரிப்பாள், விட்டுக்கொடுக்க மாட்டாள். அதேபோல, நூலில் இல்லாத ஒரு வார்த்தையும் பதிவில் இருக்கக் கூடாது. 'அப்பாடா', 'மன்னிக்கணும்', 'தண்ணி குடிச்சுக்கிறேன்' எல்லாவற்றையும் அவள் விரல் வெட்டி எறிந்துவிடும். கேட்பது மூன்று மடங்கு வேகத்தில். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது கோழிக்கூண்டில் பூனை புகுந்த சத்தம். அவளுக்கு அது தெளிவான பாடம்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. பத்தொன்பது வயதில் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். "எல்லாம் வழக்கமானதுதான்" என்றான் நீட்டியவன். போட்டாள். ஆறு மாதம் முடிந்ததும் தானாகவே விலகிக்கொள்கிறேன் என்று அதில் எழுதியிருந்தது, ஆறு மாதம் முடிந்த அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து 'வழக்கமானதுதான்' என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் காது சூடாகும். கல்யாணப் பதிவு அலுவலகத்தில்கூட, படிவம் முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். பின்னால் மூன்று ஜோடிகள் மாலையும் கழுத்துமாகக் காத்து நின்றன. லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான். "எனக்குக்கூட அன்னைக்குத்தான் தெரிஞ்சது, நான் எதுல மாட்டிக்கிறேன்னு" என்பான்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இருபத்தாறு பேர் ஒரு நூலுக்காகக் காத்திருந்தார்கள். இரண்டாம் தாளுக்கான நூல், மூன்று பாகம், படிக்கிற யாருக்கும் கொட்டாவி வரும். ஒரு பல் டாக்டர் அதை வாசிக்க முன்வந்தார். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிற மனிதர், தினமும் காலையில் ஏழு மணிக்கு இங்கே வந்து தன் வாயைத் திறந்தார். பத்து மாதம். இருநூற்று எண்பத்து நான்கு பதிவுகள். தேர்வுக்கு முப்பத்தைந்து நாள் இருக்கும்போது நூல் முடிந்தது. அடிக்குறிப்பு எல்லாவற்றையும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் சேர்த்து வைத்தாள். கம்ப்யூட்டரில் இடமில்லாததால் வேறு பிரதி கிடையாது. புதன்கிழமை அனுப்பிவைப்பது என்று ஏற்பாடு. திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்தாள். செவ்வாய்க்கிழமை காலை வந்தாள்.

"அண்ணே, மூணாவது தட்டுல இடது ஓரம் ஒரு டிஸ்க் இருந்துச்சே?"

"அது இங்க இருக்கும்மா, கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்கேன். குழந்தைக் கதையெல்லாம் ஏத்தணும்ல. காலி டிஸ்க் அது ஒண்ணுதான் இருந்துச்சு."

"காலியா?"

"மேல எழுதியிருக்கே. என் கையாலதான் எழுதி ஒட்டினேன், 'காலி'ன்னு. இருந்தாலும் சுத்தமா இருக்கட்டும்னு ஒரு தடவை ஃபார்மட் பண்ணிட்டேன்."

அவள் கையை நீட்டி டிஸ்க்கைத் தடவினாள். ஓரத்தில் அவள் ஒட்டிய பிரெயில் பட்டை பத்திரமாக இருந்தது. 'சட்டம், இரண்டாம் தாள், முழுவதும்.' புள்ளிகள் ஒன்றுகூட அழியவில்லை. உள்ளே இருந்ததுதான் அழிந்திருந்தது.

மைக் அண்ணனுக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பொத்தென்று உட்கார்ந்தார். பதினைந்து வருஷமாக அங்கே வேலை பார்க்கிறார், ஒரு புள்ளி வாசிக்கத் தெரியாது. இந்த நூலகத்தில் மட்டுமே நடக்கக்கூடிய விபத்து இது. ஒரே பெட்டியின் மேல் கண்ணுக்கு ஒரு சீட்டு, விரலுக்கு ஒரு சீட்டு. கண் சொன்னது காலி என்று, விரல் சொன்னது நிறைய என்று. இரண்டும் ஒன்றை ஒன்று கலந்து பேசவில்லை.

"எத்தனை கதை ஏத்தினீங்க?"

"ஒண்ணுதான். ரெண்டாவது இப்பதான்..."

"கையை எடுங்க! எதையும் தொடாதீங்க. முறைப்படி கழட்டி என் கையில குடுங்க."

அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. சத்தம் கேட்டு மேலாளர் ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் மைக் அண்ணனைப் பிடிபிடி என்று பிடித்தார். பத்து மாத உழைப்பு, இருபத்தாறு பிள்ளைகளின் ஒரு வருஷம், உங்களுக்கெல்லாம் கண் எதற்கு என்றுகூடக் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் எந்த இடத்தில் நின்று கேட்கிறோம் என்று உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சார், அவரை மட்டும் திட்டாதீங்க" என்றாள் அடிக்குறிப்பு. "பழைய சீட்டை எடுத்துட்டுப் புது சீட்டு ஒட்டச் சொல்லி நான் அவர்கிட்ட சொல்லியிருக்கணும். எனக்கு வேண்டிய புள்ளியை ஒட்டிட்டுப் போயிட்டேன். இந்த ஆபீஸ்ல கண்ணு தெரிஞ்சவங்களும் வேலை பாக்கிறாங்கன்னு எனக்கு மறந்துபோச்சு."

யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. ஆனால் மேலாளரின் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை அவள் அடுத்த வாக்கியத்தில் இறக்கினாள். எல்லாப் பதிவுக்கும் இரண்டாம் பிரதி வைக்க இன்னொரு டிஸ்க் வேண்டும் என்று நாலு மாதத்துக்கு முன் எழுதிக் கொடுத்த கடிதம் இப்போது எங்கே இருக்கிறது என்று மரியாதையாக விசாரித்தாள். அது அவர் மேசையில் கண்ணாடி உருண்டைக்குக் கீழே இருந்தது. அரை மணி நேரத்தில் புது டிஸ்க் வந்து சேர்ந்தது.

டிஸ்க்கை ஃபார்மட் செய்தால் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துப் போட்ட மாதிரிதான். பக்கங்கள் உள்ளேயே கிடக்கும், எது எங்கே என்று தெரியாது, அவ்வளவுதான். அதன் மேல் புதிதாக எதையாவது எழுதினால்தான் பழையது நிஜமாகவே சாகும். இது அவளுக்குத் தெரியும். மைக் அண்ணனுக்கும் தெரியும். பழுதுபார்க்கும் கடைக்குப் போன் போட்டால், வரிசையில் பத்து நாள் ஆகும், அப்புறமும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். ஆகவே மீட்டெடுக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை நாமே போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

தவறு செய்தவர் அதைச் சரிசெய்யத் துடிப்பது இயற்கை. மைக் அண்ணன் பத்தே நிமிஷத்தில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கிடைச்சிருச்சும்மா! அஞ்சு நட்சத்திரம். இலவசம். பெரிய பச்சை பட்டன். டவுன்லோடு பண்ணியாச்சு, இதோ இந்த பென் டிரைவ்ல இருக்கு. நம்ம பெரிய கம்ப்யூட்டர்ல போட்டு ஒரு தட்டு தட்டினா முடிஞ்சது."

"யாரு செஞ்சதுண்ணே அது?"

"யாரோ செஞ்சது. சும்மா குடுக்கிறான்மா. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?"

அன்றைக்குச் சேதி கேட்டுத் தன் மருத்துவமனையை அப்படியே போட்டுவிட்டு வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார் பல் டாக்டர். பத்து மாதக் குரல் போன துக்கத்திலும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பல்லைப் பாக்கிறதுதான்யா என் பொழைப்பே. அந்தம்மா பாக்கட்டும், விடு" என்றார்.

பெரிய கம்ப்யூட்டரில் நூலகத்தின் மற்ற முந்நூற்று நாற்பது நூல்களும் இருந்தன. உறுப்பினர்கள் எல்லோருடைய முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன. ஒன்றைத் தேடப் போய் எல்லாவற்றையும் தொலைத்தவர்கள் உலகத்தில் நிறைய. அடிக்குறிப்பு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக் அண்ணன் பார்த்த அதே பக்கத்தைத் தானும் திறந்தாள். திரையில் இருப்பதை வரிவரியாக வாசித்துச் சொல்லும் குரல் ஒன்று அவள் கம்ப்யூட்டரில் உண்டு. அந்தக் குரலுக்குப் பச்சை தெரியாது, சிவப்பு தெரியாது, பட்டன் பெரிதா சிறிதா என்ற கவலையும் கிடையாது. இருப்பதை இருக்கிறபடி வாசிக்கும்.

ஹெட்போனைக் கழற்றி, குரலை வெளியே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். வேகத்தையும் மனிதர் காதுக்குக் குறைத்தாள்.

பெரிய பச்சை பட்டன் வந்தது. "விளம்பரம். வேறு தளத்துக்கான இணைப்பு" என்றது குரல்.

மைக் அண்ணன் திரையை எட்டிப் பார்த்தார். பட்டனின் மேல் மூலையில் எறும்பு மாதிரி 'விளம்பரம்' என்று இருக்கத்தான் இருந்தது.

குரல் இன்னும் கீழே இறங்கியது. செய்தவர் பெயர் இல்லை. முகவரி இல்லை. அந்த நட்சத்திரங்களை யார் கொடுத்தது என்பதும் இல்லை. கடைசியில் ஒரு வரி: "நிறுவும்போது வைரஸ் தடுப்பானை அணைத்து வைக்கவும். இது வழக்கமானது."

"கேட்டீங்களாண்ணே? வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி நாயைக் கட்டிப் போடச் சொல்றான்."

"எல்லாரும் அப்படித்தான்மா போடுவாங்க..."

"சரி, உள்ளேயும் பாத்துருவோம். அந்தப் பழைய லேப்டாப்பைக் கொண்டாங்க."

அந்த லேப்டாப்பில் ஒன்றுமே இல்லை, பரணுக்குப் போகவேண்டியது. அதன் இணையத் தொடர்பை அறுத்துவிட்டு பென் டிரைவைச் செருகினாள். இன்ஸ்டால் செய்யும் பெட்டி திறந்தது. கண்ணுள்ளவர்கள் அந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியாதா? 'அடுத்து, அடுத்து, அடுத்து, முடிந்தது.' நாலு தட்டு. அவள் எட்டு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். நாற்பத்தாறு பத்தி ஒப்பந்தத்தையும் மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, முப்பத்தொன்றாவது பத்தியில் நிறுத்தினாள். அதை மட்டும் எல்லோருக்கும் மெதுவாகப் போட்டுக் காட்டினாள். இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள தொடர்பு விவரங்களைக் கூட்டாளி நிறுவனங்களோடு பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்கிறேன் என்று இருந்தது அது.

அடுத்த பக்கம். "வழக்கமான முறை. பரிந்துரைக்கப்படுகிறது. தேர்வு செய்யப்பட்டுள்ளது" என்றது குரல்.

அவளுக்குக் காது சூடானது. பத்தொன்பது வயதில் தாளை நீட்டியவனின் குரலே மறுபடி கேட்டதுபோல இருந்தது. வழக்கமான முறையை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருந்ததைத் தேர்ந்தெடுத்தாள். ஒளிந்திருந்த மூன்று கட்டங்கள் வெளியே வந்தன. மூன்றிலும் முன்கூட்டியே டிக் போட்டிருந்தது. கேட்காத மூன்று வேறு புரோகிராம்கள். அதில் ஒன்று, கம்ப்யூட்டரைத் 'துப்புரவு' செய்து, இணைத்திருக்கும் எல்லா டிஸ்க்கிலும் தன் ஃபைல்களை எழுதிவைக்குமாம்.

"எல்லா டிஸ்க்கிலயும்னா?" என்றார் மேலாளர்.

"நம்ம சட்ட டிஸ்க்கிலயும்தான் சார். மேல எழுதிட்டா அப்புறம் ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது."

மைக் அண்ணன் அந்தப் பென் டிரைவைத் தேளைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கினார். "கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே கிணத்துல விழுந்திருப்பேன்" என்றார். அவள் இன்ஸ்டாலை ரத்து செய்தாள். செய்ததோடு விடாமல், அந்த லேப்டாப்பை முழுவதும் துடைத்து, முதலிலிருந்து புதிதாக ஏற்றச் சொன்னாள். "வாசல் வரைக்கும் வந்தவன் கையை எங்க வெச்சான்னு தெரியாதில்ல" என்றாள். மதியச் சாப்பாடு வரை மைக் அண்ணனுக்கு அதே வேலை.

அவள் அதற்குள் வேறொன்றைத் தேடிப் பிடித்தாள். அவளைப்போலக் கம்ப்யூட்டரைக் காதால் பார்க்கிறவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். அவர்களுக்குள் பன்னிரண்டு வருஷமாக ஒரு மின்னஞ்சல் போக்குவரத்து. கேட்ட ஒரு மணி நேரத்தில் ஆறு பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள். சொன்னார்கள் என்பதற்காக அவள் உடனே எடுத்துவிடவில்லை. செய்தவர்களின் சொந்தப் பக்கத்துக்கே போனாள். யார் செய்தது, எத்தனை வருஷமாகச் செய்கிறார்கள், போன தடவை என்ன பிழை இருந்தது, எப்போது திருத்தினார்கள் எல்லாம் அங்கே வெளிப்படையாக எழுதியிருந்தது. தங்கள் பிழையைத் தாங்களே எழுதி வைப்பவர்கள்மேல் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு. பார்க்க அழகில்லாத புரோகிராம், வெறும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அவளுக்கு அழகு எதற்கு? இன்ஸ்டால்கூடச் செய்ய வேண்டாம், திறந்தாலே ஓடும்.

அந்தப் பக்கத்திலேயே ஃபைலின் கைரேகை எண் போட்டிருந்தது. அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீள வால். வழியில் யாராவது ஃபைலில் ஒரு புள்ளியை மாற்றியிருந்தாலும் அந்த எண் மாறிவிடும். வந்திறங்கிய ஃபைலின் எண்ணைக் கம்ப்யூட்டரைக் கணக்கிடச் சொன்னாள்.

மைக் அண்ணன் இரண்டையும் பார்த்துவிட்டு, "முதல் நாலும் கடைசி நாலும் சரியா இருக்கும்மா. போதாதா?" என்றார்.

"நடுவுல அம்பத்தாறு இருக்கேண்ணே. அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

அறுபத்து நான்கையும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு அந்தப் பக்கத்தில் இருந்ததைக் கேட்டாள். ஒன்றும் பிசகவில்லை. வைரஸ் தடுப்பானைக் கொண்டும் சோதித்தாள். பிறகுதான் துடைத்து வைத்த லேப்டாப்பில் அதைத் திறந்து, சட்ட டிஸ்க்கை மாட்டச் சொன்னாள்.

எடுப்பதை எங்கே சேமிக்க என்று புரோகிராம் கேட்டது. "எங்க இருந்துச்சோ அங்கயே..." என்று ஆரம்பித்த மைக் அண்ணன், அவள் முகம் திரும்பியதும் தானே வாயை மூடிக்கொண்டார். கண்ணாடி உருண்டைக்குக் கீழே நாலு மாதம் தூங்கிய கடிதத்தின் பயனாக வந்த புது டிஸ்க்கில் சேமித்தார்கள்.

புதன்கிழமை காலை வந்து பார்த்தபோது ஆயிரத்து நூற்று நாற்பது ஃபைல்கள் வந்திருந்தன. மேலாளர் கைதட்டினார். மைக் அண்ணன் திறந்து பார்த்தார், முகம் தொங்கிப்போயிற்று. ஒரு ஃபைலுக்கும் பெயர் இல்லை. எல்லாவற்றுக்கும் வெறும் எண். பொருளடக்கம் கிழிந்துபோன புத்தகமல்லவா, பக்கங்கள் மட்டும்தான் வரும். அதுவும் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி. அந்த டிஸ்க்கில் எந்தக் காலத்திலோ இருந்த நாடகம், சமையல் குறிப்பு, பாட்டு எல்லாம் சேர்ந்து எழுந்து வந்திருந்தன. எது சட்டம், எது எந்த அத்தியாயம்?

"இதைப் பிரிக்கவே ஒரு மாசம் ஆகுமே" என்றார் மேலாளர். தேர்வுக்கு முப்பது நாள்தான் இருந்தது.

அடிக்குறிப்பு நாற்காலியை இழுத்துப் போட்டாள். முதல் ஃபைலைத் தட்டினாள். கோழிக்கூண்டுச் சத்தம். "சட்டம், இரண்டாம் பாகம், அத்தியாயம் பதினாலு, பக்கம் நானூத்தி மூணு" என்று சொல்லிப் பெயர் அடித்தாள். அடுத்தது. "பாட்டு. வேண்டாம்." அடுத்தது. "முதல் பாகம், அத்தியாயம் ரெண்டு, பக்கம் இருபத்தெட்டு." ஒரு ஃபைலுக்குப் பத்து நொடிகூட ஆகவில்லை. எல்லாப் பதிவின் தலையிலும் பல் டாக்டரின் குரல், நூலையும் பாகத்தையும் அத்தியாயத்தையும் பக்கத்தையும் கடமை தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் தொலைத்த பெயரையெல்லாம் அந்தக் குரல் பத்திரமாக உள்ளே வைத்திருந்தது.

மாலை நாலு மணிக்கு ஆயிரத்து நூற்று நாற்பதும் முடிந்தது. பல் டாக்டர் கடைசி ஒரு மணி நேரம் பின்னால் நின்று பார்த்தார். "இருநூத்தி எண்பத்து நாலு தடவை என்னை அந்தப் பாட்டு பாட வெச்சியேம்மா. மனசுக்குள்ள உன்னைத் திட்டாத நாள் இல்ல" என்றார். "எனக்குக் கேட்டுச்சு டாக்டர்" என்றாள் அவள். பெருமையாக இருந்தது அவளுக்கு. அதை மறைக்கவும் இல்லை. பதினேழு வருஷம் எல்லோரும் கேலி செய்த ஒரு சட்டம், ஒரே நாளில் இருபத்தாறு பேரின் வருஷத்தைக் காப்பாற்றிவிட்டது. அதற்குக்கூடப் பெருமைப்படக் கூடாதா?

வந்தவை இருநூற்று எண்பத்து மூன்று. ஒன்று வரவில்லை. மூன்றாம் பாகம், ஒன்பதாம் அத்தியாயத்தில் நாற்பது நிமிஷம். மைக் அண்ணன் ஏற்றிய அந்த ஒரே குழந்தைக் கதை சரியாக அதன் மேல் உட்கார்ந்துவிட்டது. முயலும் ஆமையும் சேர்ந்து சட்டத்தை மிதித்துவிட்டன என்றார் மேலாளர். பழையபடி சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

அடுத்த ஒன்பது நாளும் அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து முழுவதும் கேட்டுச் சரிபார்த்தாள். முதல் பாகம் முடிந்ததும் அனுப்பினார்கள், பிறகு இரண்டாம் பாகம். அந்த மாணவர்களில் ஒருத்தி, வக்கீலாகும் முன்பே வாதாடுவதால் எல்லோரும் வக்கீலம்மா என்று கூப்பிடுகிற பெண், தினம் ஒரு தடவை போன் செய்தாள். "அக்கா, மூணாம் பாகம்?" "வருது." "நாளைக்கா?" "கேட்டுட்டு வருது." "சும்மா அனுப்புங்கக்கா, நாங்க கேட்டுக்கிறோம்." "நாளைக்கு ஜட்ஜுகிட்டயும் இப்படித்தான் சும்மா அனுப்புங்கன்னு சொல்லப் போறியா?" என்று கேட்டாள் அடிக்குறிப்பு.

பத்தாம் நாள் காலை ஏழு மணிக்கு சிவப்பு விளக்கு எரிந்தது. பல் டாக்டர் விட்டுப்போன நாற்பது நிமிஷத்தையும் மறுபடி வாசித்தார். முடிந்ததும் நோயாளி காத்திருக்கிறார் என்று ஓடிவிட்டார். மைக் அண்ணன் ஃபைலை அவள் பக்கம் அனுப்பினார். வழக்கத்துக்கு மாறாக, வெளியே போகாமல் அங்கேயே நின்றார். அவர் கையில் புதிதாக ஒட்டவேண்டிய சீட்டு இருந்தது. ஒரு வாரமாக மதிய நேரத்தில் புள்ளி கற்றுக்கொண்டு, தானே குத்தித் தயாரித்த முதல் சீட்டு. அவள் தடவிப் பார்த்தாள். 'காலி இல்லை.' அதன் மேலேயே மையாலும் அதையே எழுதியிருப்பதாகச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டினாள்.

மூன்று மடங்கு வேகம். நூலின் பெயர், மூன்றாம் பாகம், ஒன்பதாம் அத்தியாயம், பக்கம், வாசிப்பவர் பெயர். அதோடு முடியவேண்டும். முடியவில்லை. இன்னும் ஏதோ சொன்னார். அவள் விரல் தன்னால் வெட்டும் பொத்தானுக்குப் போனது. எங்கிருந்து எதுவரை வெட்டவேண்டும் என்று பார்க்கப் பின்னால் இழுத்து, வேகத்தைக் குறைத்து, மறுபடி போட்டாள்.

"இந்த நூலைத் தொலையாமல் மீட்டுக் கொடுத்தவர்" என்றார் பல் டாக்டர். பிறகு அவள் பெயரைச் சொன்னார். அடிக்குறிப்பு என்றல்ல. பள்ளிச் சான்றிதழில் இருக்கிற பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, நிறுத்தி, தெளிவாக. அந்தப் பெயரை முழுதாக யாரும் சொல்லி அவள் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மைக் அண்ணன் எங்கிருந்தோ தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

நூலில் இல்லாத ஐந்தாறு வார்த்தை. பதினேழு வருஷத்தில் அவள் விட்டுவைத்தது ஒன்றுகூட இல்லை. விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. மைக் அண்ணன் மூச்சு விடாமல் நிற்பது அவளுக்குக் கேட்டது.

இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள், மனிதர் வேகத்திலேயே. பிறகு விரலை எடுத்துவிட்டாள். அந்த ஃபைலுக்கு எதிரே 'சரி' என்று அடித்து, மூன்றாம் பாகத்தை இருபத்தாறு பேருக்கும் அனுப்பினாள்.